தெரிவதும் தெரியாததும்: ஒரு கிண்ணச் சோற்றின் வரலாறு

'தெரியாக்கி' என்ற ஜப்பானியச் சொல் இரண்டு துண்டுகளால் ஆனது. 'தெரி' என்றால் பளபளப்பு. 'யாக்கி' என்றால் சுட்டது, வாட்டியது. நம் ஊர் உணவகப் பட்டியல்களில் 'டெரியாக்கி சிக்கன்' என்று பார்த்திருப்பீர்கள். சோயா சாஸும் மிரினும் சர்க்கரையும் சுண்டி, வாட்டிய கறியின் மேல் மெருகு பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு மின்னும். அந்த மினுக்கம்தான் பெயருக்குக் காரணம். தமிழிலும் 'தெரி' உண்டு. கண்ணில் படுவது என்று பொருள். இரண்டு சொற்களுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் இந்த உணவின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தமிழ்ச் சொல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. இந்தக் கிண்ணத்தில் யார் தெரிகிறார்கள்? யார் தெரியவில்லை?

முதலில் உணவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆழமான ஒரு கிண்ணம். அதில் சூடான, கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் பதத்தில் வெந்த சோறு. அதன் மேல் தோலோடு வாட்டி, சாஸில் புரட்டி, விரல் கனத்துக்கு நறுக்கிய கோழித் தொடைக்கறி. சட்டியில் எஞ்சிய சாஸை மேலே ஊற்றிவிட்டால் முடிந்தது. இப்படிச் சோற்றின் மேல் கறியையோ மீனையோ வைத்துத் தரும் கிண்ண உணவுக்கு 'டொன்புரி' என்று பெயர். ஜப்பானிய வீடுகளில் இது வார நாள் இரவுச் சாப்பாடு. அரை மணி நேரத்தில் ஆகிவிடும், பாத்திரம் குறைவு, குழந்தைகள் அடம்பிடிக்காமல் சாப்பிடுவார்கள். 'எளிய வீட்டுச் சமையல்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எளியது என்று சொல்லப்படும் எதைக் கண்டாலும், அது யாருக்கு எளியது என்று கேட்பது என் வழக்கம்.

பழங்காலத்திலிருந்து வந்த உணவு என்று இதை நினைத்துவிட வேண்டாம். கி.பி. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தின் இறைச்சியையும் ஆண்டில் சில மாதங்களுக்கு உண்ணக் கூடாது என்று ஆணையிட்டார். பௌத்தச் செல்வாக்கில் இப்படிப்பட்ட ஆணைகள் பின்னரும் வந்துகொண்டிருந்தன. யாருமே கறி தின்னவில்லை என்று இதற்குப் பொருளில்லை. காட்டுப் பறவைகளை வேட்டையாடித் தின்றார்கள். பிற்காலத்தில் கோழியும் சட்டிக்கு வந்தது. ஆனால் சோயாவும் மிரினும் தடவி மினுமினுக்க வாட்டுவது பெரும்பாலும் மீனைத்தான். மிரின் என்பது ஒட்டரிசியையும் கோஜி பூஞ்சை ஏற்றிய அரிசியையும் வடித்த மதுவில் ஊறவிட்டு, முதிரவைத்து எடுக்கும் இனிப்பு மது. எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், சோயாவும் மிரினும் நகரச் சமையலில் ஊன்றிக்கொண்டன. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டுக்கறி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானது. ஜப்பானியர்கள் கறி தின்னத் தொடங்கிய கதையைச் சொல்லும் நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தொடங்கும். ஒரு பேரரசர் ஆணையிட்டார், இன்னொரு பேரரசர் சாப்பிட்டார். நடுவில் சமைத்தவர்கள் எங்கே?

அவர்களில் ஒரு பெண்ணின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. தோக்கியோவின் நிங்யோச்சோ பகுதியில் 'தமஹிதே' என்றொரு கோழிக்கறி உணவகம் 1760இல் தொடங்கப்பட்டது. கோழியைச் சோயாவும் மிரினும் கலந்த சாற்றில் கொதிக்கவிட்டு மேசையிலேயே சாப்பிடுவது அதன் சிறப்பு. வாடிக்கையாளர்கள் கடைசியில் சட்டியில் எஞ்சிய சாற்றில் முட்டையை உடைத்து ஊற்றி, அதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுவார்கள். ஐந்தாம் தலைமுறை உரிமையாளரின் மனைவி தோக்கு இதைக் கவனித்தார். 1891இல் கறியையும் முட்டையையும் சோற்றின் மேலேயே வைத்து ஒரே கிண்ணமாகக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது என்று அந்த உணவகத்தின் வரலாறு சொல்கிறது. அதுதான் 'ஒயாக்கோடொன்'. பெற்றதும் பிள்ளையும் ஒரே கிண்ணத்தில் என்று பொருள். கோழியும் முட்டையும்!

இந்தக் கதையில் என்னை நிறுத்திய இடம் வேறு. சோற்றின் மேல் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது நாகரிகம் இல்லை என்று அன்று கருதப்பட்டது. அதனால் மதிப்புள்ள உணவகம் தன் கூடத்தில் அதைப் பரிமாறவில்லை. அக்கம்பக்கத்து வியாபாரிகளுக்கு எடுத்துப்போய்க் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டது. பின்வாசல் வழியாக வெளியே போன உணவு அது. இன்று அந்த உணவகத்தின் புகழே அந்தக் கிண்ணம்தான். கோழி சோற்றின் மேல் ஏறி உட்கார்ந்த கதையில் தோக்குவுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் கடையின் தலைமுறைகளை எண்ணும்போது ஆண்களை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். தோக்கு 'ஐந்தாமவரின் மனைவி'. பெயராவது மிஞ்சியதே என்று நான் மகிழ்ந்துகொண்டேன்.

தோக்கு ஒரு கடைக்குள் நின்று சமைத்தவர். 'வீட்டுச் சமையல்' என்ற கருத்து வேறு வழியாக வந்தது. வீடு என்று ஒன்று இருந்தால் அதில் சமையல் இருக்கத்தானே செய்யும் என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு நாளும் புதிதாக, சத்தாக, சிக்கனமாக, அழகாகச் சமைத்துக் குடும்பத்தை மகிழ்விக்க வேண்டியவள் இல்லத்தரசி என்ற எண்ணம் நவீன காலத்தில் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் அன்றாட உணவு என்பது சோறு அல்லது தானியக் கலவை, மிசோ சூப், ஊறுகாய். வசதியான வீடுகளில் அடுப்படி வேலைக்காரப் பெண்களுடையது.

1899இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளி ஆணை வந்தது. அந்தப் பள்ளிகளின் குறிக்கோளை நான்கு எழுத்துகளில் சுருக்கினார்கள்: 'ரியோசாய் கென்போ'. நல்ல மனைவி, அறிவுள்ள தாய். படிப்பு கிடைத்தது. ஆனால் அந்தப் படிப்பு போய்ச் சேரும் இடம் வீடு என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. பெண்கள் இதழ்கள் இதையொட்டிப் பெருகின. ஜப்பானின் முதல் பெண் செய்தியாளர்களில் ஒருவரான ஹானி மொத்தோகோ தன் கணவரோடு சேர்ந்து 1903இல் ஓர் இதழ் தொடங்கினார். அது 1908இல் 'ஃபுஜின் நோ தொமோ', அதாவது 'பெண்களின் தோழி' என்று பெயர் மாறியது. 1904இல் அவர் வெளியிட்ட வீட்டுக் கணக்கு நோட்டு இன்றும் அச்சாகிறது.

ஹானியை எந்தப் பக்கம் வைப்பது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வீட்டு வரவு செலவைப் பெண்ணின் கையில் ஒப்படைத்தது அந்த நோட்டு. கணவனிடம் கை நீட்டி நின்றவளுக்கு அது ஒரு பிடிமானம். அதே நோட்டுதான் மீனுக்கும் சோயாவுக்கும் ஆன காசை ஒவ்வொரு இரவும் எழுதிவைக்கும் கடமையையும் அவள் தலையில் வைத்தது. அவள் ஒரு நிர்வாகி ஆனாள், சம்பளம் இல்லாத நிர்வாகி. 1917இல் வந்த 'ஷுஃபு நோ தொமோ', 'இல்லத்தரசியின் தோழி', இன்னும் பரவலாகப் படிக்கப்பட்டது. இந்த இதழ்களின் சமையல் பக்கங்கள் வாசகிக்கு ஒரு புது அளவுகோலைக் கொடுத்தன. நேற்று வைத்ததையே இன்றும் வைத்தால் நீ சோம்பேறி.

வணிக நிறுவனங்கள் இதை உடனே புரிந்துகொண்டன. 1908இல் வேதியியலாளர் இக்கேதா கிக்குனாயே கடற்பாசிச் சாற்றிலிருந்து ஒரு சுவையைப் பிரித்தெடுத்து அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே அது 'அஜினொமோதோ' என்று கடைக்கு வந்தது. அந்தக் கடற்பாசிச் சாறு தலைமுறை தலைமுறையாக அடுப்படிகளில் பெண்கள் காய்ச்சியது. 1920களிலும் 30களிலும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியை முடித்து வெளியேறும் மாணவிகளுக்கு அந்த நிறுவனம் ஒரு மாதிரிக் குப்பியும் சமையல் புத்தகமும் பரிசாகக் கொடுத்தது. படிப்பு முடிந்ததும் கையில் கிடைத்தது எது என்று பாருங்கள்.

அதே ஆண்டுகளில் கடலுக்கு அப்பால் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. தெரியாக்கியை உலகம் அறிந்தது ஜப்பானிலிருந்து நேராக அல்ல, பெரும்பாலும் ஹவாய் வழியாகவும் அமெரிக்காவின் மேற்குக் கரை வழியாகவும்தான். 1885இல் அரசாங்க ஒப்பந்தத்தின்படி ஜப்பானியக் கூலித் தொழிலாளர்கள் ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஆணுக்கு மாதம் 9 டாலர், பெண்ணுக்கு 6 டாலர். பின்னர், ஏறத்தாழ 1908 முதல் 1924 வரை, புகைப்படத்தை மட்டும் பார்த்து மணம் பேசி அனுப்பப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். 'புகைப்பட மணப்பெண்கள்' என்று வரலாறு அவர்களை அழைக்கிறது. துறைமுகத்தில் இறங்கிய பிறகு, புகைப்படத்தில் இருந்த இளைஞனுக்குப் பதில் பல ஆண்டு மூத்த ஒருவர் நிற்பதைக் கண்டவர்கள் அவர்களில் உண்டு.

அந்தப் பெண்கள் பகலில் கரும்புக் காட்டில் உழைத்தார்கள். காலையிலும் இரவிலும் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்ததோடு, பலர் குடும்பம் இல்லாத ஆண் தொழிலாளர்களுக்குக் காசுக்குச் சமைத்துப் போட்டார்கள், துணி துவைத்துக் கொடுத்தார்கள். மலையகத்திலும் மலாயாவிலும் தோட்டங்களுக்குப் போன நம் பெண்களின் கதையை அறிந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. ஊரிலிருந்து வந்த சோயா, தோட்டத்திலேயே விளையும் சர்க்கரை, கூடவே இஞ்சியும் பூண்டும். ஹவாயின் தெரியாக்கி ஜப்பானில் இருந்ததைவிட இனிப்பாகவும் காரசாரமாகவும் மாறியது இப்படித்தான். 1976இல் சியாட்டில் நகரில் தொஷி கசஹாரா என்பவர் ஒரு சிறு கடை திறந்து, தெரியாக்கிக் கோழியும் சோறும் 1.85 டாலருக்கு விற்றார். அந்த நகரத்தின் அடையாள உணவாகவே அது ஆகிவிட்டது. அவர் பெயரை வரலாறு சொல்கிறது. சொல்லட்டும், உழைத்தவர்தான். தோட்டக் குடியிருப்பின் அடுப்புகளில் இனிப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த கைகளுக்கு மட்டும் அப்படி ஒரு பெயர்ப்பலகை இல்லை.

மீண்டும் ஜப்பானுக்கு வருகிறேன். கிண்ணத்தின் அடியில் இருக்கும் சோற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். விறகடுப்பில் சோறு வைப்பது கண்காணிப்பு வேலை. முதலில் மெல்லிய தீ, பிறகு பெருந்தீ, பிறகு அணைத்துப் புழுங்கவிட வேண்டும். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்காதே என்று ஒரு நாட்டுப்புற வழக்கு உண்டு. சமையல் நுட்பத்துக்காகச் சொன்னதுதான். ஆனால் அடுப்பருகே நிற்பவளின் முதுகில் ஒரு குழந்தை இருக்கிறது என்பதைப் போகிற போக்கில் அது சொல்லிவிடுகிறது.

1950களில் தோஷிபா நிறுவனத்தின் விற்பனையாளர் யமாதா ஷோகோ சலவை இயந்திரம் விற்கப் போன இடங்களில் பெண்களிடம் பேசினார். துணி துவைப்பதைவிட மூன்று வேளையும் சோறு வைப்பதுதான் கடினம் என்று அவர்கள் சொன்னார்கள். தானாக அணையும் அரிசிக் குக்கரைச் செய்யும் வேலை மினாமி யொஷிதாதா என்பவரின் சிறு பட்டறைக்குப் போனது. அவருக்கு இயந்திரம் தெரியும், சோறு தெரியாது. சோதனைகளைச் செய்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. வெயிலிலும் உறைபனி இரவிலும் மீண்டும் மீண்டும் சோறு வைத்து, வெப்பத்தையும் நேரத்தையும் குறித்துவைத்தார். கொதிநிலையில் ஏறக்குறைய 20 நிமிடம் நின்றால் அரிசி சரியாக வேகும் என்ற முடிவு அந்தச் சோதனைகளில் கிடைத்தது. அதை வைத்து ஓர் எளிய உபாயம் செய்தார்கள். இரண்டு பாத்திரங்கள், ஒன்றுக்குள் ஒன்று. வெளிப்பாத்திரத்தில் அளந்து ஊற்றிய தண்ணீர் 20 நிமிடத்தில் ஆவியாகித் தீரும். தீர்ந்ததும் வெப்பம் சட்டென்று 100 டிகிரிக்கு மேல் ஏறும். அந்த ஏற்றத்தில் ஓர் உலோகத் தகடு வளைந்து சுவிட்சை அணைத்துவிடும்.

1955 டிசம்பரில் அது விற்பனைக்கு வந்தபோது விலை 3,200 யென். பட்டதாரி ஒருவரின் முதல் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சோறு வேகும்போது தூங்க நினைப்பவளெல்லாம் ஒரு மனைவியா என்று கேட்ட ஆண்கள் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார்கள். இயந்திரத்தை அவர்கள் எதிர்க்கவில்லை. அவள் தூங்குவதைத்தான் எதிர்த்தார்கள்! ஆனால் பெண்கள் அதை வாங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதி வீடுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. பட்டறையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் விளங்கின. ஃபூமிகோவின் பெயர் நெடுங்காலம் வெளியே வரவில்லை.

அடுத்தது சோயா. ஜப்பானிய வீடுகளுக்கு அன்று அது 1.8 லிட்டர் கண்ணாடிப் பாட்டிலில் வந்தது. அந்தக் கனமான பாட்டிலைத் தூக்கிச் சாய்த்து, மேசைக்கான சிறு குப்பியில் சிந்தாமல் ஊற்றுவது பெண்களின் வேலையாக இருந்தது. வடிவமைப்பாளர் எக்குவான் கென்ஜி சிறுவனாக இருந்தபோது தன் தாய் அப்படி ஊற்றுவதைப் பார்த்திருக்கிறார். அந்த நினைவுதான் 1961இல் கிக்கோமன் நிறுவனத்துக்காக அவர் செய்த சிவப்பு மூடிச் சிறு பாட்டிலுக்கு மூலம் என்று பிற்காலத்தில் சொன்னார். மூன்று ஆண்டுகள், சுமார் நூறு மாதிரிகள். கழுத்தில் சொட்டு வழியாத அந்தப் பாட்டில் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அதே 1961இல் கிக்கோமன் அமெரிக்காவில் தெரியாக்கி சாஸைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது. கோழியும் அந்தக் காலத்தில்தான் மலிந்தது. பிராய்லர் பண்ணைகள் 1960களில் பெருகின. அதுவரை விருந்துக்கு மட்டும் என்றிருந்த கோழி, வார நாள் கறி ஆனது.

இப்படியாக 1960களின் இறுதிக்குள் நம் கிண்ணம் முழுமையடைந்துவிட்டது. தானாக வேகும் சோறு, மலிவான கோழி, சிந்தாத சோயா. 1957இல் தொடங்கிய என்எச்கே தொலைக்காட்சியின் 'கியோ நோ ரியோரி' நிகழ்ச்சி எந்த உணவையும் எப்படிச் செய்வது என்று நாள்தோறும் கற்றுக்கொடுத்தது. வேலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? நடந்தது அதுவல்ல. சோறு வைக்கும் நேரம் மிச்சமானது. மிச்சமான நேரத்தில் இரண்டு கறி கூடுதலாகச் செய்ய வேண்டியதாயிற்று. கருவிகள் வேலையின் கடுமையைக் குறைத்தன. வேலை யாருடையது என்ற கேள்வியைத் தொடவே இல்லை.

அந்தக் கேள்வியை உரக்கக் கேட்ட ஆண்டு 1975. ஐக்கிய நாடுகள் அவை அறிவித்த சர்வதேச மகளிர் ஆண்டு அது. ஹவுஸ் உணவு நிறுவனம் தன் உடனடி நூடுல்ஸுக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. அதில் பெண் தன்னைச் செய்பவள் என்கிறாள், ஆண் தன்னைச் சாப்பிடுபவன் என்கிறான். அவ்வளவுதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் உருவான ஒரு பெண்கள் அமைப்பு செப்டம்பர் இறுதியில் நிறுவனத்துக்கே சென்று இதை நிறுத்தச் சொன்னது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போருக்கு முன்பிருந்தே போராடிய இச்சிகாவா ஃபுசாயே அந்த அமைப்பு தோன்றக் காரணமானவர்களில் ஒருவர். வார இதழ்கள் சிரித்தன. ஒரு நூடுல்ஸ் விளம்பரத்துக்கு இத்தனை கூச்சலா என்று எழுதின. ஆனால் அக்டோபர் இறுதியில் விளம்பரம் நிறுத்தப்பட்டது.

கூச்சல் நூடுல்ஸுக்காக இல்லை. சில நிமிடங்களில் ஆகிவிடும் உணவுக்குக்கூட 'செய்பவள்' ஒருத்தி தேவைப்பட்டாள் என்பதுதான் விஷயம். அந்த இரண்டு வரிகள் அதுவரை யாரும் சொல்லத் தேவைப்படாத ஒன்றைச் சொல்லிவிட்டன. சொல்லப்பட்டபின் அதை எதிர்க்க முடிந்தது.

விளம்பரத்தோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதைவிட ஆழமான இடம் பள்ளிக்கூடம். நடுநிலைப் பள்ளியில் பையன்கள் தொழில்நுட்பமும் பெண்பிள்ளைகள் மனையியலும் படித்தார்கள். 1973 முதல் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் எல்லாப் பெண்களுக்கும் கட்டாயம் ஆனது. பையன்களுக்குக் கிடையாது. 1974இல், இருபாலரும் சேர்ந்து மனையியல் படிக்க வேண்டும் என்று கோரும் இயக்கம் தொடங்கியது. ஆசிரியைகளும் தாய்மார்களும் அதில் இருந்தார்கள். இருபது ஆண்டுகள் ஆயின. பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஜப்பான் 1985இல் ஏற்றுக்கொண்டபோது, பெண்ணுக்கு ஒரு பாடத்திட்டம் ஆணுக்கு ஒன்று என்பதை அரசால் தற்காத்துப் பேச முடியவில்லை. 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் மனையியல் இருபாலருக்கும் பொதுவானது. அன்று முதல் ஜப்பானியப் பையன்களும் மேலங்கி கட்டிக்கொண்டு அரிசி களைகிறார்கள், கறி வாட்டுகிறார்கள்.

இதோடு முடித்துக்கொண்டால் நல்ல கதை. ஆனால் எண்கள் விடுவதில்லை. ஜப்பானிய அரசின் நேரக் கணக்கெடுப்பின்படி, 6 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் கணவன் வீட்டு வேலைக்கும் குழந்தை வளர்ப்புக்கும் ஒரு நாளில் செலவிட்ட நேரம் 2001இல் 48 நிமிடம். 2021இல் 1 மணி 54 நிமிடம். இரண்டு மடங்குக்கும் மேல். மனையியல் படித்த தலைமுறை அப்பாக்கள் ஆன காலம் இது. மனைவியின் நேரம் 2001இல் 7 மணி 41 நிமிடம். 2021இல் 7 மணி 28 நிமிடம். இருபது ஆண்டுகளில் குறைந்தது 13 நிமிடம்! அவன் கூடுதலாகச் செய்ததில் பெரும்பகுதி அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதாக இல்லை. அலுவலகம் அவனை இரவு வரை பிடித்துவைத்திருக்கிறது. அந்த அலுவலகம் நடப்பதே வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கையில். பள்ளிக்கூடம் அவனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தது. சமைக்க நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

இன்னொரு சிறு கணக்கும் உண்டு. 'கியோ நோ ரியோரி' 1957இல் ஐந்து பேருக்கான அளவில் செய்முறை சொன்னது. 1965இல் நான்கு பேர் ஆனது. 2009இல் இரண்டு பேர். தாத்தா பாட்டி, கணவன், பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சமைத்த கிண்ணம் சுருங்கி, இப்போது தனியாக வாழும் பெண்ணும் தனக்காகச் செய்துகொள்ளும் கிண்ணம் ஆகியிருக்கிறது. தனக்காக மட்டும் தொடைக்கறியை வாட்டிச் சூடான சோற்றில் வைத்துச் சாப்பிடும் ஒருத்தியை நினைத்தால் எனக்கு நிறைவாக இருக்கிறது. இல்லத்தரசிக்கான இதழ்கள் அவளைக் கற்பனை செய்திருக்கவே மாட்டா.

நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு பேருக்கு, எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி 300 கிராம், தோலோடு. நம் கறிக்கடைகளில் தோலை உரித்துத்தான் கொடுப்பார்கள், வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சோயா சாஸ், மிரின், சாக்கே என்னும் அரிசி மது ஆகியவை தலா இரண்டு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி. மிரினும் சாக்கேயும் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். தண்ணீரும் கூடுதலாக ஒரு கரண்டிச் சர்க்கரையும் போதும். சுவை கொஞ்சம் மாறும், மினுக்கம் வரும். சட்டியில் தோல் கீழே இருக்கும்படி கறியை வைத்து நடுத்தரத் தீயில் ஏழெட்டு நிமிடம் விடுங்கள், கொழுப்பு உருகித் தோல் மொறுமொறுப்பாகும். திருப்பிப் போட்டு உள்ளே வேகும்வரை வாட்டுங்கள். சேர்ந்த கொழுப்பைத் துடைத்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சாஸ் கறியில் ஒட்டாது. பிறகு சாஸை ஊற்றுங்கள். முதலில் சிறு குமிழ்கள் வரும். தண்ணீர் சுண்டச் சுண்டக் குமிழ்கள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும். அந்தக் கட்டத்தில் கரண்டியால் சாஸை அள்ளி அள்ளிக் கறியின் மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒரு நிமிடம்தான். கைவிட்டால் கருகும்.

எந்தச் சமையல் புத்தகத்தின் படமும் இந்த இடத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கும். கிண்ணத்தில் கறி மின்னும், சோற்றிலிருந்து ஆவி எழும். படத்துக்கு வெளியே சட்டி இருக்கிறது. சுண்டிய சர்க்கரையும் சோயாவும் அதன் அடியில் தார்போல் இறுகிக்கிடக்கும். உடனே வெந்நீர் ஊற்றி ஊறவைக்க வேண்டும், பிறகு தேய்க்க வேண்டும். நான் படித்த செய்முறைகள் எல்லாம் 'சூடாகப் பரிமாறவும்' என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு அடுத்த படியை யார் செய்வது என்பதைச் சமைக்கத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.